தானே வாசித்துக் கையெழுத்திட்டார்

கீழக்கரை
12.8.1996

அன்புத் தம்பி சாகிருக்கு, காக்கா ஹபீப் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கு நானும் உன் மச்சி மெஹர்பானுவும் மகள் ருமைஸாவும் நலம். சர்க்கரைதான் என் சொல் கேட்பதில்லை. சலாலாவில் இப்போது கரீஃப் பருவ மழை தூறிக்கொண்டிருக்கும். நெஞ்சுச் சளி உள்ளவன் நீ, ஈரத்தில் அலையாதே.

நேற்று உன் மனைவி நஸீரா ஒரு தட்டில் பழமும் கற்கண்டும் கொண்டுவந்தாள். உன் மகள் இஃப்பத்துக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்றாம். யார் என்று கேட்டேன். "மக்தூம் காக்கா மகன் ஹஸ்னைன்" என்றாள். தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் அழுதுகொண்டு போனதற்கு வருந்துகிறேன். திருப்பி அனுப்பியதற்கு வருந்தவில்லை.

மறந்திருப்பாய், நினைவூட்டுகிறேன். 1991 ஜூலை, சலாலாவில் மக்தூமும் நாமும் ஒரே கடையில் வேலை பார்த்த காலம். நம் கடை பிக்கப் மலைச்சாலைப் பனிமூட்டத்தில் ஒட்டகம் மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவரை இடித்தது. அவர் மவுத்தாகிவிட்டார். நான் ரூமில் காய்ச்சலோடு கிடந்தேன். நீதான் ஓடிவந்து, "மக்தூம் காக்கா வண்டியை ஓட்டினாரு, நான் பக்கத்துல இருந்தேன், ஸ்டேஷன்ல உங்களைத் தேடுறாங்க" என்றாய். வண்டி என் பொறுப்பில் இருந்ததால் ஒரு கையெழுத்து, அரை மணி நேர வேலை என்றாய். லைசென்ஸ் இல்லாத மக்தூம், லைசென்ஸ் இருந்த என் தலையில் பழியைக் கட்டினான். பத்தொன்பது மாதம் உள்ளே இருந்துவிட்டு, போட்ட சட்டையோடு ஊருக்கு ஏற்றி அனுப்பப்பட்டேன். எம்.ஏ. படித்தவன் இன்று சிமெண்டுக் கடையில் மூட்டை எண்ணுகிறேன். அந்த மனிதன் வீட்டுக்கா நம் பெண்?

எனக்கு ஒரு உதவி செய். அந்த போலீஸ் ரிப்போர்ட்டின் நகல் வேண்டும். யார் யார் என்ன சொன்னார்கள் என்பது அதில் இருக்கும். உன் வாக்குமூலமும் இருக்கும். நீ உண்மையைச் சொன்னாய் என்பதற்கும் அதுதான் சாட்சி. நகலைக் கொண்டுவந்து ஜமாஅத்தில் வைக்கிறேன். மக்தூம் யார் என்று ஊர் பார்க்கட்டும்.

துஆவுடன்,
ஹபீப் முகம்மது

*

சலாலா
20.9.1996

மரியாதைக்குரிய காக்கா அவர்களுக்கு, தம்பி சாகிர் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது.

நான் நலம். உங்கள் சர்க்கரை எப்படி? மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். மச்சிக்கும் ருமைஸாவுக்கும் என் ஸலாம். மழை நின்றுவிட்டது. கடையில் இப்போது டூட்டி அதிகம், அதனால்தான் பதில் தாமதம்.

காக்கா, போனது போகட்டும். ஹஸ்னைன் நல்ல பையன். இங்கே என் கண் முன்னால் மூன்று வருடமாக வேலை பார்க்கிறான். தொழுகை தவறுவதில்லை. மக்தூம் காக்காவும் இந்தச் சம்பந்தத்துக்கு உடனே சம்மதிக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறார். அதை நேரில் வந்து சொல்கிறேன்.

ரிப்போர்ட் விஷயமாக விசாரித்தேன். சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து எழுதிக் கொடுத்தால்தான் நகல் தருவார்களாம். நீங்கள் இனி இங்கே வர முடியாது. அதனால் அது நடக்காத காரியம் என்று தோன்றுகிறது. மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
சாகிர்

*

கீழக்கரை
5.10.1996

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நலம். நலமறிய ஆவல்.

மக்தூமுக்கு நிபந்தனை வேறா? என்ன கேட்கிறான், எத்தனை பவுன்? நேரில் சொல்லும் அளவுக்குப் பெரிதாகத்தான் இருக்கும். அவன் இரண்டு முறை எனக்குக் கடிதம் போட்டான். இரண்டையும் "வாங்க மறுத்தார்" என்று எழுதச் சொல்லி போஸ்ட்மேனிடமே கொடுத்தனுப்பினேன். அந்தக் கையெழுத்து என் வீட்டுக்குள் வரக்கூடாது.

நேரில் வர முடியாதவர் தன் சார்பில் ஒருவரை நியமிக்கலாம். அங்கே தலைநகரில், ரூவியில் மொழிபெயர்ப்பு ஆபீசில் டைப்பிஸ்டாக இருக்கும் உடையப்பனுக்கு எழுதிக் கேட்டேன். சிவகங்கைக்காரர். சிறையில் பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒருவரைப் பார்க்க வந்து, எனக்கும் சேர்த்துப் பேரீச்சம்பழம் கொடுத்துப் போன மனிதர். உடன்பிறப்புக்கு அதிகாரக் கடிதம் கொடுத்தால் போதும் என்கிறார். இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய பாஸ்போர்ட்டின் நகலும் இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் இருக்கும் டைப் கடையில் அரபியில் மனு அடித்து, விபத்து நடந்த தேதி, இடம், வண்டி நம்பர் மூன்றையும் போட்டு, எதற்காக நகல் என்ற இடத்தில் "சொந்த உபயோகம்" என்று எழுதச் சொல். அதிகம் பேசாதே.

அன்று நடந்ததை நீ முழுதாகப் பார்க்கவில்லை. நீ வெளியே படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். உள்ளே அதிகாரி ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்து, வாசிக்கத் தெரியுமா என்று சைகையில் கேட்டார். கடைத்தெரு அரபியைக் கற்றுக்கொள்வது என் படிப்புக்குக் குறைவு என்று இருந்தவன் நான். ஆனால் ஏழு வருடம் மதரஸாவில் ஓதியவன் ஆயிற்றே, எழுத்துத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஜேர், ஜபர் என்ற உயிர்க்குறி எதுவும் இல்லாத எழுத்து. குத்துமதிப்பாகக் குறி போட்டுக்கொண்டு, தொண்டையில் வரவேண்டியதைத் தொண்டையில் வரவழைத்து, ராகமாக ஓதினேன். ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. இடையில் 'சாயிக்' என்று வந்தது. ஓட்டுநர் என்று அதற்கு மட்டும் தெரியும். வண்டிப் பொறுப்பாளன் என்பதால் வந்திருக்கும் என்று நினைத்தேன். அதிகாரி, "மாஷா அல்லாஹ்" என்று சிரித்துப் பேனாவை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். ஓதுகிறவனுக்கு அர்த்தமும் தெரியும் என்று அவர் நினைத்தது அவர் தப்பா?

அந்த நேரம் மக்தூம் உள்ளே நுழைந்து மேசையைத் தட்டித் தட்டி என்னவோ கத்தினான். இருபது வருட சலாலா அரபி, எனக்கு விளங்கவில்லை. ஆனால் என் பெயர் மட்டும் விளங்கியது. ஹபீப், ஹபீப் என்று நாலைந்து முறை. என்னைக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னான். அவனை வெளியே தள்ளினார்கள், என்னை உள்ளே தள்ளினார்கள். அவன் சொன்னது என்னவென்று எழுத்தில் பார்க்காமல் என் கட்டை வேகாது என்று சொல்ல நம் மார்க்கத்தில் இடமில்லை. மண் ஏற்காது என்று வைத்துக்கொள்.

ஹபீப் முகம்மது

*

சலாலா
24.11.1996

மரியாதைக்குரிய காக்கா அவர்களுக்கு, ஸலாம்.

நலம். எனக்குப் பல்வலி வந்து ஒரு வாரம் சிரமப்பட்டேன், இப்போது பரவாயில்லை. கடைப் பையன் ஒருவன் லீவில் வருகிறான். அவனிடம் உங்களுக்கு ஒரு ஸ்வெட்டரும் ருமைஸாவுக்கு ஒரு கைப்பையும் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய கடிதம் வெறும் வெள்ளைத்தாளில் இருக்கிறது. நோட்டரி, சென்னை, டெல்லி என்று முத்திரை எல்லாம் விழுந்தால்தான் இங்கே செல்லுமாம். கேஸ் நம்பரும் கேட்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு முந்திய ஃபைல், ஸ்டேஷனும் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. இருக்கிறதோ இல்லையோ.

இஃப்பத் எனக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறாள். பெரிய வாப்பா வராமல் நிக்காஹ் வேண்டாம் என்கிறாள். அவளை நினைத்தாவது சம்மதியுங்கள்.

சாகிர்

*

கீழக்கரை
18.12.1996

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பல்வலிக்குக் கிராம்பை வை. ஸ்வெட்டர் வந்தது. கீழக்கரையில் எதற்கு ஸ்வெட்டர் என்று மெஹர்பானு கேட்கிறாள்.

முத்திரைகள் எல்லாம் விழுந்த அதிகாரக் கடிதம் இத்துடன் இருக்கிறது. மூன்று ஊர், நாலு வரிசை, ஒவ்வொரு கவுண்டரிலும் "எதுக்கு பாய் இது?" என்ற கேள்வி. கேஸ் நம்பரும் இருக்கிறது. விடுதலைச் சீட்டின் மூலையில் பென்சிலால் எழுதியிருந்ததை இத்தனை நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

போன வெள்ளி ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். இந்த நிக்காஹைப் பதிய ஜமாஅத்தின் தஃப்தர் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், மாப்பிள்ளையின் வாப்பா மீது எனக்கு வழக்கு இருக்கிறது என்றேன்.

"ஹபீபு, நாலு வருஷமா இதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கே. சாட்சி இருக்கா?" என்றார்.

"சர்க்கார் காகிதமே வருது."

"எப்ப?"

"என் தம்பி அனுப்புறான்."

பின்னால் இருந்து ஒருவர், "சாகிரா? மக வாழ்க்கைக்கு அவனே குழி வெட்டுவானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் தம்பி எனக்காகச் செய்வான் என்று சொல்லிவிட்டு வந்தேன். காகிதம் வந்தால் நிக்காஹ் நிற்கும். வராவிட்டால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று பேச்சு. ஊர் முன்னால் உன்னை நம்பிச் சொன்ன சொல் அது.

ஹபீப் முகம்மது

*

சலாலா
27.1.1997

காக்கா அவர்களுக்கு, ரமலான் ஸலாம்.

நோன்பு நல்லபடியாகப் போகிறது. சர்க்கரைக்காரர் நீங்கள் முப்பதும் பிடிக்க வேண்டாம். மனு கொடுத்துவிட்டேன். பெருநாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

சாகிர்

*

கீழக்கரை
17.2.1997

தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் கழிந்து ஒரு வாரம் ஆகிறது.

நீ மனு கொடுக்கவில்லை. உடையப்பன் வேலையாக சலாலா வந்தவர் ஸ்டேஷனில் விசாரித்து எழுதியிருக்கிறார். அந்தக் கேஸ் நம்பரில் யாரும் நகல் கேட்கவில்லை. ஃபைல் பத்திரமாக இருக்கிறதாம். எந்த மாடி, எந்த அலமாரி என்று வரை எழுதியிருக்கிறார்.

ஆறு மாதமாக நீ என்னை ஓட வைத்திருக்கிறாய். சம்பந்தம் கெட்டுவிடுமே என்று பயப்படுகிறாய், புரிகிறது. மக்தூமின் சிநேகம் உனக்கு இனிக்கிறது, அதுவும் புரிகிறது. ஆனால் நான் உன்னை அந்தக் கடைக்கு அழைத்துப்போய் விசா வாங்கிக் கொடுத்தவன். அலிஃப், பே எழுத உன் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்த ஒரே சாட்சி நீ. நீயே எனக்கு இல்லையென்றால் யார்?

மார்ச் பதினைந்துக்குள் நகல் வராவிட்டால் அதிகாரத்தை உடையப்பன் பெயருக்கு மாற்றி எழுதப்போகிறேன். அவருக்கு அரபி நன்றாகத் தெரியும். வரி வரியாகத் தமிழில் எழுதி ஜமாஅத்துக்கே நேராக அனுப்பிவிடுவார்.

ஹபீப் முகம்மது

*

சலாலா
10.3.1997

மரியாதைக்குரிய காக்கா அவர்களுக்கு, ஸலாம்.

நீங்களும் மச்சியும் ருமைஸாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

ரிப்போர்ட்டின் நகல் இத்துடன் இருக்கிறது. மூன்று பக்கம். மனு கொடுத்த மூன்றாம் நாளே கொடுத்துவிட்டார்கள். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மொழிபெயர்க்கக் கொடுக்கவில்லை. நீங்கள் எழுத்துக் கூட்டி வாசிப்பீர்கள் என்று தெரியும். மெதுவாக வாசியுங்கள்.

மக்தூம் காக்காவின் நிபந்தனை என்ன என்று கேட்டிருந்தீர்கள். பவுன் இல்லை. நிக்காஹுக்கு முன்னால் இந்தக் காகிதம் என் கையால் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான். நீங்கள் நகல் கேட்டு எழுதுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட்டார்.

சாகிர்

*

சலாலா
29.3.1997

காக்கா அவர்களுக்கு, ஸலாம்.

கடிதம் கிடைத்ததா? உடம்புக்கு எப்படி இருக்கிறது? நஸீராவிடம் போனில் கேட்டேன். நீங்கள் வெளியே வருவதே இல்லை, கடைக்கும் போகவில்லை என்றாள். ஏப்ரல் 27 நிக்காஹ் என்று குறித்தது. அதை என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு வரி எழுதினாலும் போதும். திட்டி எழுதினாலும் சரி.

சாகிர்

*

கீழக்கரை
12.4.1997

சாகிர்,

ஸலாம் இல்லாமல் கடிதம் தொடங்கிப் பழக்கமில்லை. ஆகவே அஸ்ஸலாமு அலைக்கும்.

கிடைத்தது. முதல் நாள் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத்திடம் பொருள் கேட்கப் போனேன். மதரஸா வாசலில் செருப்பைக் கழற்றும்போது, முதல் பக்கத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வோம் என்று பிரித்தேன். 'கால' என்று இருந்தது. சொன்னார் என்று பொருள், அது குழந்தைக்கும் தெரியும். அதற்குப் பக்கத்தில் உன் பெயர், நம் வாப்பா பெயரோடு. அடுத்த வரியில் 'சாயிக்'. அதையடுத்து 'அகீ'. என் சகோதரர். மூஸா நபி தனக்குத் துணை கேட்டபோது சொன்ன சொல். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மதரஸாவிலிருந்து ஒரு அரபு அகராதியை இரவல் வாங்கினேன். எதற்கு என்று கேட்டதற்கு, வயசான காலத்தில் அரபி படிக்க ஆசை என்றேன். மூன்று வாரம் ஆனது. குறி இல்லாத எழுத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று விதமாக உயிர் கொடுத்துப் பார்த்தேன். எப்படி மாற்றி வாசித்தாலும் அதே பொருள்தான் வந்தது. உனக்கு நல்லதாக ஒரு பொருள் வருமா என்றும் தேடினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டியில் லைசென்ஸ் இல்லாத நீ மட்டும்தான் இருந்திருக்கிறாய். என் சகோதரர் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன் என்று நீ சொல்லியிருக்கிறாய். நான் படுத்துக்கிடந்த ரூமுக்கு வருவதற்கு முன்பே அதைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். பிறகுதான் ஓடிவந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். "காய்ச்சல் கொதிக்குதே காக்கா" என்று சொல்லி எனக்குச் சட்டை மாட்டிவிட்டாய். பொத்தானைக்கூட நீதான் போட்டாய்.

இரண்டாம் பக்கம் மக்தூமின் பேச்சு. அதில் 'மரீள்' என்று வருகிறது. நோன்பு வசனத்தில் ஓதி ஓதித் தேய்ந்த சொல், நோயாளி. ஹபீப் நோயாளி, அன்று முழுதும் படுக்கையில் இருந்தார், நான் கஞ்சி கொடுத்தேன், அவருக்கு உங்கள் பேச்சு தெரியாது, வாசித்ததன் பொருளும் தெரியாது. இதைத்தான் அவர் மேசையைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறார். அதன் கீழே அதிகாரியின் குறிப்பு, கடையில் கூட வேலை செய்பவர் என்பதால் இவர் சொல்வதை ஏற்கவில்லை என்று. மூன்றாம் பக்கம் என் வாக்குமூலம். கடைசி வரி: தானே வாசித்துக் கையெழுத்திட்டார்.

நாலு வருடம் அந்த மனிதரை டீக்கடையில், பள்ளிவாசலில், கல்யாண வீடுகளில் திட்டியிருக்கிறேன். அவர் எழுதிய இரண்டு கடிதங்களையும் வாசலோடு திருப்பினேன். நீ என் ஆத்திரத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டு, வருடா வருடம் ஆள் வசம் சோப்பும் ஸ்வெட்டரும் அனுப்பிக்கொண்டிருந்தாய். நீ பயந்து செய்தது ஒரு நாள் காரியம். அதை ஒரு வேளை நான் விழுங்கியிருப்பேன். அன்று கேட்டிருந்தால், லைசென்ஸ் இருக்கிறவனுக்குத் தண்டனை குறைவு என்று நானே போய்ச் சொல்லியிருப்பேன். பிறகு வந்த ஐந்து வருடங்களுக்கு என்ன பெயர்?

நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத்தில் எழுந்தேன். காகிதம் வந்ததா என்று கேட்டார்கள். வந்தது என்றேன்.

"மக்தூம் பேரு இருக்கா?"

"இருக்கு. அவரு வண்டியை ஓட்டலைன்னு இருக்கு. நான் அவர் மேல சொன்னதெல்லாம் பொய். மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர்தான் கேட்டார்.

"அப்ப யாருதான் ஓட்டுனா, ஹபீபு?"

என் சட்டைப்பையில் மூன்று பக்கமும் இருந்தன. பள்ளியின் சுற்றுச்சுவருக்கு வெளியே நஸீராவின் வீடு தெரிந்தது. பந்தலுக்குக் கம்பு இறக்கி வைத்திருந்தார்கள்.

"நான்தான்" என்றேன்.

தஃப்தர் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். நான் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். அது தமிழில் இருந்தது. பொருள் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மெஹர்பானு சோறு வைக்கவில்லை. "அன்னைக்கு காய்ச்சல்ல கிடந்தேன்னு சொன்னீங்களே?" என்று மட்டும் கேட்டாள். ருமைஸா அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இனி அந்த இரண்டு பேருக்கும் நான் ஒரு கிழவரைக் கொன்றுவிட்டு ஐந்து வருடம் பொய் சொன்னவன்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. இஃப்பத்துக்காகச் செய்தேன். பெரிய வாப்பா இல்லாமல் வேண்டாம் என்று எழுதியவள் அவள் ஒருத்திதான்.

27ஆம் தேதி வருவேன். முன் வரிசையில் உட்காருவேன். சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் அதையும் போடுவேன், அதில் எனக்குப் பழக்கம் இருக்கிறது. சோறு வரும்போது ஒரே சஹன் தட்டில் நம் இரண்டு பேரையும் உட்கார வைக்கச் சிலர் கையைப் பிடித்து இழுப்பார்கள். நீ அந்த நேரம் விருந்தாளிகளைக் கவனிக்கப் போய்விடு. என் சஹனில் மக்தூம் உட்காரட்டும், அவருக்குச் சம்மதம் என்றால். சம்மதம் இல்லையென்றாலும் அது நியாயம்தான்.

நெஞ்சுச் சளிக்கு மருந்து சாப்பிடு. இனிமேல் எழுதாதே.

ஹபீப் முகம்மது

நகலைக் கிழிக்கவில்லை. அகராதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று பக்கங்களும் என் பாஸ்போர்ட்டுக்குள் இருக்கின்றன. எங்கே என்று ஊருக்கு வந்ததும் கேட்பாய், அதனால் இப்போதே சொல்லிவிட்டேன். கேட்காதே.